எல்லைக் காலத்து உளவுக் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர். வடக்கே புத்தூர், நகரி, ஆந்திரச் சித்தூர். மொழிவாரி மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட காலத்தில், தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம் நடந்த பகுதிகள் இவை. இந்த ஊர்களில் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சு உண்டு: "எங்க பாட்டா பேரு சி.ஐ.டி. ஃபைல்ல இருக்குன்னு சொல்லுவாங்க, அதைப் பாக்க முடியுமா?" சிலருக்கு அது குடும்பப் பெருமை. சிலருக்கு, எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களுக்குத் தமிழக அரசு தரும் எல்லைக் காவலர் உதவித்தொகைக்கான சான்று. பாட்டா ஏன் பாதி ராத்திரியில் வீட்டை விட்டுப் போனார் என்பதற்கு ஒரு பதிலாவது கிடைக்காதா என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உளவுக் கோப்பு என்றால் அதில் என்ன இருக்கும்?

பெரும்பாலும் ஊர்க் கூட்டக் குறிப்புகள். யார் பேசினார், எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கடை முன்னால் நோட்டீஸ் ஒட்டினார்கள், யார் வீட்டில் தங்கினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அதோடு பிரித்துப் படித்த கடிதங்களின் நகல், கண்காணிக்க வேண்டியவர்களின் பட்டியல், மாகாணத்திலிருந்து தலைநகருக்குப் போன பதினைந்து நாள் அறிக்கைகள்.

நான் பார்த்த ஒரு தாளைச் சொல்கிறேன். பழுப்பேறிய ஃபுல்ஸ்கேப் தாள், ஓரம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. மேலே ஆங்கிலத்தில் மந்தண (கான்ஃபிடென்ஷியல்) முத்திரை, அதன்மேல் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். சந்தை மைதானக் கூட்டத்தைப் பற்றிக் கான்ஸ்டபிள் மலையாளத்தில் எழுதியதை ஒரு குமாஸ்தா ஆங்கிலமாக்கி டைப் அடித்திருக்கிறார். பேச்சாளரின் பெயர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பேசியது தமிழில், ஆனால் அவர் வாயிலிருந்து வந்த தமிழ்ச் சொல் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. ஓரத்தில் பச்சை மையில் யாரோ ஒரு பெரிய அதிகாரி "இவர் யார்?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியின் பதிலைத்தான் அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்குத் தேடுகிறார்கள்.

முப்பது வருடம் ஆனால் எல்லா ரகசியமும் தானாகவே திறந்துவிடும் என்கிறார்களே?

இல்லை. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மத்திய அரசுக் கோப்புகளுக்கு 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் 1997-ஆம் ஆண்டின் விதிகளும் உண்டு. முப்பது வருடம் கடந்த கோப்புகளை ஆய்வாளர்கள் பார்க்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் ரகசிய முத்திரை இல்லாத, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்ட கோப்புகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். முத்திரை உள்ள கோப்பைக் காப்பகத்துக்கு அனுப்பவே கூடாது என்கிறது அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு. ஆக, முத்திரையை ஒருவர் கையெழுத்துப் போட்டு நீக்கும்வரை அந்த முப்பது வருடக் கணக்குக்கு வேலையே இல்லை. அறுபது வருடமானாலும் கோப்பு அந்தந்த அமைச்சகத்தின் அலமாரியிலேயே இருக்கும்.

அமெரிக்காவில் 2009-இல் வந்த அதிபர் ஆணைப்படி 25 வருடமானால் ரகசியம் தானாக நீங்க வேண்டும். நீக்கக் கூடாது என்றால் அதற்கான காரணத்தை அந்தத் துறைதான் காட்ட வேண்டும். நம் ஊரில் சுமை கேட்பவன் தலையில். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள்: 1993-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசையும் யூனியன் பிரதேசங்களையும்தான் கட்டுப்படுத்தும். கேரள, தமிழக, ஆந்திர அரசுகளின் கோப்புகள் அந்தந்த மாநில விதிகளின்கீழ் வருகின்றன.

மறு ஆய்வு செய்வது யார்? எப்படிச் செய்கிறார்கள்?

மத்திய அரசில் கோப்பை உருவாக்கிய துறையேதான் செய்கிறது. சார்புச் செயலர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியை இதற்கென்று நியமிக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ரகசியக் கோப்புகளைப் பார்த்து முத்திரையைக் குறைக்கலாமா நீக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அதி ரகசியம், ரகசியம், மந்தணம், வரையறுக்கப்பட்டது என்று நாலு படிகள் உண்டு. ஒரே மூச்சில் நீக்காமல் ஒரு படி இறக்கி வைப்பதும் நடக்கும்.

அவர் பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான். இதை வெளியிட்டால் இன்றைக்கும் யாருக்காவது ஆபத்து வருமா? தகவல் கொடுத்தவர் யாரென்று தெரிந்துவிடுமா? வேறு நாட்டு அரசு நம்பிக் கொடுத்த தகவலா? இன்றும் பயன்பாட்டில் உள்ள வேவு முறை ஏதாவது வெளிப்படுமா? இவற்றுக்கெல்லாம் இல்லை என்று பதில் வந்தால் முத்திரையைக் கோடிட்டு அடித்து, தேதியும் கையொப்பமும் போட்டு, பட்டியலில் ஏற்றிக் காப்பகத்துக்கு அனுப்பலாம்.

நடைமுறையில் தடங்கல் எங்கே என்றால், திறந்துவிட்டுப் பிரச்சினை வந்தால் அந்த அதிகாரி மாட்டிக்கொள்வார். மூடியே வைத்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. ஐந்தாண்டு ஆய்வு நடந்ததா என்று வெளியிலிருந்து சரிபார்க்கவும் வழியில்லை. உண்மையான ஆபத்துள்ள கோப்புகளை மூடி வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நம் எல்லைப் பக்கத்துக் கோப்புகளில் பெரும்பாலானவை ஆபத்தானவை என்பதால் மூடிக் கிடக்கவில்லை. யாரும் எடுத்துப் பார்க்காததால் மூடிக் கிடக்கின்றன.

எங்கள் பகுதிப் போராட்டக் கோப்புகள் எந்த ஊரில் இருக்கும்?

அன்றைக்கு உங்கள் ஊர் எந்த அரசின்கீழ் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். இன்றைய மாநில எல்லையை வைத்துத் தேடினால் கிடைக்காது.

குமரி, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு: 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 அக்டோபர் வரை திருவிதாங்கூர்-கொச்சி. 1954-இல் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானவர்களில் போராட்டத் தலைவர் நேசமணியும் ஒருவர். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை பகுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போது முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. உத்தரவுகள் போனதும் அறிக்கைகள் வந்ததும் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்குத்தான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தலைமைச் செயலகக் கோப்புகளுக்கு இன்றும் கேரளத்தில்தான் தேட வேண்டும். கேரள ஆவணக் காப்பக இயக்ககம் திருவனந்தபுரம் நளந்தாவில் இருக்கிறது, மத்திய ஆவணக் காப்பகம் கோட்டைப் பகுதியில். அங்கே "கான்ஃபிடென்ஷியல் செக்ஷன்" கோப்புகள் என்று கேளுங்கள்.

பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் ஒன்றுக்குச் சென்னை எழும்பூர், இன்னொன்றுக்கு எர்ணாகுளம்.

ஆந்திரப் பக்கம் கணக்கு எளிது. 1953 அக்டோபர் 1-க்கு முந்தையது எல்லாம் சென்னை அரசின் கோப்பு. திருத்தணி, புத்தூர், சித்தூர் கேட்டு ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் முதல் கட்டக் கோப்புகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். அங்கே ரகசியக் கோப்புகளில் ஒரு வரிசைக்கே "அண்டர் செக்ரட்டரி சேஃப்" கோப்புகள் என்று பெயர். சார்புச் செயலரின் பெட்டகத்தில் பூட்டி வைத்தவை என்பதால் அந்தப் பெயர். எல்லைத் தகராறில் நடுவராக இருந்த பட்டாஸ்கரின் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துக்கு வரும்வரை நடந்தவற்றுக்கு இரண்டு மாநிலத்திலும் கோப்பு இருக்கும். ஒரு பக்கம் கையை விரித்தால் மறு பக்கம் கேளுங்கள்.

டெல்லியை மறக்க வேண்டாம். மாநில மறுசீரமைப்பு மத்திய உள்துறையின் வேலை. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் பழைய உள்துறை அரசியல் கோப்புகள் பல ஸ்கேன் செய்யப்பட்டே கிடைக்கின்றன. 1947-க்கு முந்தைய திருவிதாங்கூர் நிலவரம் பற்றி, ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடென்ட் எழுதிய பதினைந்து நாள் அறிக்கைகளும் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இந்தியன் பொலிட்டிக்கல் இன்டலிஜென்ஸ் என்ற உளவு அமைப்பின் கோப்புகளே ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. நம் ஊர்க் கூட்டத்தைப் பற்றி லண்டனில் படிக்க முடிந்து திருவனந்தபுரத்தில் முடியாமல் போவது எனக்கு வருத்தம்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் உளவுத்துறைக்கு விலக்கு உண்டே, மனு போட்டு என்ன பயன்?

பயன் உண்டு. 24-ஆவது பிரிவை வரி வரியாகப் படித்தால் தெரியும்.

மத்திய அமைப்புகளான ஐ.பி., ரா போன்றவற்றுக்கு விலக்கு அகலமானது. அவை அரசுக்கு அனுப்பிய தகவலுக்கும் அது பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. அதாவது ஐ.பி. அறிக்கையின் நகல் உள்துறையில் இருந்தாலும் தர மாட்டார்கள். ஆனால் மாநில உளவுப் பிரிவுகளைப் பற்றிய உட்பிரிவில், அதாவது 24(4)-இல், "அரசுக்கு அனுப்பிய தகவல்" என்ற சொற்கள் இல்லை. அமைப்புக்குத்தான் விலக்கு. ஆக, மாநில உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சிடம் கேட்காதீர்கள். அதே அறிக்கை போய்ச் சேர்ந்த கலெக்டர் ஆபீஸிலும் மாநில உள்துறையிலும் கேளுங்கள். அவர்கள் 24-ஐக் காட்டி மறுத்தால், மேல்முறையீட்டில் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

இரண்டாவது பிடி 8(3). சம்பவம் நடந்து இருபது வருடம் கடந்துவிட்டால் நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற-சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்புகள் ஆகிய மூன்று விலக்குகள்தான் மிஞ்சும். தனிமனித அந்தரங்கம், விசாரணைக்கு இடையூறு என்ற காரணங்களை 1954 சம்பவத்துக்குச் சொல்ல முடியாது. ரகசியச் சட்டம் 1923-ஐக் காட்டினால், தகவல் உரிமைச் சட்டமே அதற்கு மேலானது என்று 22-ஆவது பிரிவு சொல்கிறது.

மூன்றாவது, மனித உரிமை மீறல், ஊழல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் விலக்கு பெற்ற அமைப்பும் பதில் தர வேண்டும். மனித உரிமை விஷயத்தில் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், கெடு 45 நாள்.

மனுவைத் தமிழில் எழுதலாமா?

கேரளத்தில் எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் ஆபீஸ்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல்.

எப்படிக் கேட்டால் கிடைக்கும்?

"எல்லைப் போராட்டம் சம்பந்தமான எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று எழுதினால் அது கிணற்றில் போட்ட கல். இடம், மாதம், துறை மூன்றும் இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"1954 ஜூன் முதல் செப்டம்பர் வரை தேவிகுளம் தாலுகாவில் பொதுக்கூட்டத் தடை, கைது குறித்து மாவட்ட நிர்வாகத்திலிருந்து தலைமைச் செயலகத்துக்கு அனுப்பப்பட்ட அறிக்கைகளைப் பார்வையிட விரும்புகிறேன். கோப்பு எண் பட்டியலை முதலில் தரவும். ரகசிய முத்திரை இருந்தால், அது கடைசியாக மறு ஆய்வு செய்யப்பட்ட தேதியைத் தரவும். ஒரு பகுதியை மட்டும் மறைக்க வேண்டியிருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி மீதியைத் தரவும்."

மறு ஆய்வுத் தேதியைக் கேட்கும் வரி மிக முக்கியம். ஆய்வே நடக்கவில்லை என்றால் அதை எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு வருகிறது. மேல்முறையீட்டில் அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

கேரளத்திலும் தமிழகத்திலும் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். ஆந்திரத்தில் கிராம அளவில் கட்டணம் இல்லை, மண்டல அளவில் 5 ரூபாய், அதற்கு மேல் 10. பதிலுக்கு 30 நாள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அப்புறம் தகவல் ஆணையத்துக்கு 90 நாள்.

"கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தால்?

கோப்பு எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். பழைய சென்னை மாகாண அலுவலக முறையில் ஆர்.டிஸ் என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். டி.டிஸ் பத்து வருடம், கே.டிஸ் மூன்று, எல்.டிஸ் ஒரு வருடம். எல்.டிஸ் கோப்பு போயிருந்தால் அது இயல்பு. ஆர்.டிஸ் கோப்பை அழித்தோம் என்றால் யார் உத்தரவு, எந்தத் தேதி என்று அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். மத்திய ஆவணமாக இருந்தால், முறைமீறி அழிப்பதற்கு ஐந்து வருடம் வரை சிறை என்று 1993 சட்டம் சொல்கிறது.

மூலம் போனாலும் நகல் எங்காவது இருக்கும். நெருக்கடிநிலை பற்றிய ஷா கமிஷன் அறிக்கைக்கே அந்தக் கதி வந்தது. பிரதிகள் கிடைக்காமல் போன பிறகு, தன்னிடம் இருந்த பிரதியை வைத்து இரா. செழியன் அதை 2010-இல் மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தார்.

தகவல் கொடுத்தவரின் பெயர் கோப்பில் இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் எடுத்தவுடன் கேட்பதில்லை. கோப்பைப் பார்த்துவிட்டு வந்து தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்.

பல அறிக்கைகளில் பெயர் இருக்காது. "நம்பகமானவர்" என்றோ ஓர் எண்ணாகவோதான் இருக்கும். ஆனால் ஊர் சின்னது. யார் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு, அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் என்று வைத்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். சில தாள்களில் பெயரே இருக்கும். நான் மேலே சொன்ன 8(3)-இன்படி, மாநிலக் கோப்பில் இருபது வருடத்துக்குப் பிறகு தகவலாளியின் அடையாளத்தைக் காக்கும் விலக்கும் நிற்காது. சட்டப்படி நீங்கள் அதைப் படிக்கலாம்.

படியுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 1954-இல் ஒரு தோட்டத் தொழிலாளி லயத்தில் நடந்ததைப் போலீஸிடம் சொன்னார் என்றால், கங்காணி மிரட்டியிருக்கலாம், வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கலாம், லாக்கப்பில் அடி வாங்கியிருக்கலாம். அந்தத் தாள் அதையெல்லாம் எழுதாது. அவருடைய பேத்தியும் உங்கள் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தாக்கீது கொடுத்த அதிகாரி யார், சுடச் சொன்ன கை யாருடையது என்பது பொதுவெளியில் வர வேண்டிய விஷயம். ஓர் ஏழை பயத்தில் சொன்ன சொல் அப்படியல்ல.

கோப்பில் இருப்பதெல்லாம் உண்மையா?

உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலதிகாரிக்கு எது பிடிக்குமோ அதை எழுதும் பழக்கம் அன்றும் இருந்தது. கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கையைக் குறைத்தும், பேச்சின் சூட்டைக் கூட்டியும் எழுதியிருப்பார்கள். ஊரில் இன்னும் நினைவோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, அன்றைய பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெரியவர்களிடம் முதலில் போங்கள், காப்பகம் காத்திருக்கும்.

நம்பி நாராயணன் வழக்கின் உளவுக் கோப்புகள் வெளிவருமா?

நாகர்கோவில் பக்கத்துத் தமிழர், திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த இஸ்ரோ விஞ்ஞானி. 1994-இல் உளவு வழக்கில் கைதானார். விசாரித்த சி.பி.ஐ. 1996-இல் வழக்குப் பொய் என்று அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி, நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கை 2021-இல் சி.பி.ஐ.யிடம் போனது, ஆனால் அதை வெளியிட வேண்டாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் கண்முன் உயிரோடு இருக்கும்போதே, அவரை மாட்டிவிட்டது எப்படி என்பதைச் சொல்லும் தாள்கள் உறையில் இருக்கின்றன. விசாரணை நடக்கும்வரை அதற்கு ஒரு நியாயம் உண்டு. முடிந்த பிறகு இருக்காது.

நேதாஜி கோப்புகள் திறந்தார்களே, அதுபோல நமக்கும் நடக்குமா?

நடக்கலாம், ஆனால் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். வெளிநாட்டு உறவு கெடும் என்று பிரதமர் அலுவலகம் முதலில் மறுத்தது. 2015 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு தன்னிடம் இருந்த 64 கோப்புகளைத் திறந்தது. 2016 ஜனவரி 23 அன்று மத்திய அரசு 100 கோப்புகளைத் திறந்து, பிறகு மாதா மாதம் கொஞ்சமாக வெளியிட்டது. எந்த உறவும் முறியவில்லை. நேதாஜி குடும்பத்தின் கடிதங்களைச் சுதந்திர இந்தியாவின் ஐ.பி. இருபது வருடம் பிரித்துப் படித்தது தெரிந்ததுதான் பெரிய விஷயம். மாநில அரசு நினைத்தால் மத்திய அரசுக்குக் காத்திராமல் முன்னே போகலாம் என்பது கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் பொருந்தும்.

எதிர் உதாரணமும் உண்டு. 1962 சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை வெளியிட முடியாது, அது இன்றும் ராணுவ முக்கியத்துவம் உள்ளது என்று 2010-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். 2014-இல் ஒரு பகுதி இணையத்தில் வெளியான பிறகும் அதிகாரபூர்வமாகத் திறக்கவில்லை.

பரணில் பழைய மந்தணத் தாள் ஒன்று கிடைத்தது. என்ன செய்ய?

போட்டோ எடுத்து முகநூலில் போட வேண்டாம். 1923 ரகசியச் சட்டம் அகலமானது. 2006-இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் நீக்கச் சொல்லியும் அது நடப்பில்தான் இருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் காப்பகத்துக்குக் கொடுங்கள். தனியாரிடமிருந்து ஆவணம் வாங்கிக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் கோர்த்துக்கொள்ளும். செலோடேப் ஒட்டவே கூடாது.

காப்பகத்துக்குப் போகும்போது என்ன கொண்டு போவது?

ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒரு கடிதம். தெரிந்த கல்லூரி ஆசிரியரின் பரிந்துரை இருந்தால் வேலை சுலபம். பென்சில் கொண்டு போங்கள், கோப்புக்கு அருகில் பேனா கூடாது. பாட்டாவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுப்பெயரோடு, அப்பா பெயரோடு, சாதிப் பெயரோடு, பட்டப்பெயரோடு. முதல் நாள் கோப்பைக் கேட்காமல் அட்டவணைப் புத்தகத்தை மட்டும் பாருங்கள். அதில் ஊர்ப் பெயரின்கீழும் தேடுங்கள், ஆள் பெயரைவிட அது சீக்கிரம் கிடைக்கும். கட்டு வந்ததும் பக்க எண் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, விட்டுப்போன எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மனுவை அந்த எண்களை வைத்து எழுதலாம்.